பதவியேற்புக்கு முந்தின நாள்

தனிநாடு கேட்கும் கட்சி ஒன்று, எந்த நாட்டை விட்டுப் பிரிய வேண்டும் என்கிறதோ அதே நாட்டின் அமைச்சரவையில் போய் உட்கார்ந்தால், நம் பக்கத்தில் முதலில் வரும் பேச்சு "கொள்கையை அடகு வச்சிட்டாங்க" என்பதுதான். இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று தெருமுனைக் கூட்டம் கேட்டே அரசியல் கற்ற ஊர் இது. 1949 செப்டம்பர் 17 அன்று இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டது. "அடைந்தால் திராவிட நாடு, இல்லையேல் சுடுகாடு" என்று முழங்கிய கட்சி 1963-இல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 1967-இல் கோட்டையைப் பிடித்தது. 1989-இல் வி.பி. சிங் அமைச்சரவையில் முரசொலி மாறன் அமைச்சரானார். அதனால் கட்டலோனியா, பெல்ஜியம், மிசோரம் என்று எந்த ஊர்ப் பிரிவினையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், வடசென்னையில் பேச்சு சுற்றி வந்து அந்தப் பூங்காவிலேயே நின்றுவிடுகிறது.

தி.மு.க. வரலாறு இந்தக் கேள்விக்குப் பாதி விடைதான் தரும். அந்தக் கட்சி முதலில் கோரிக்கையை விட்டது, டெல்லி அமைச்சரவைக்குப் போனது அதற்கு 26 ஆண்டுகள் கழித்து. கோரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்சியில் பங்கு கேட்கும் கட்சிகள் வேறு வகை. அவை ஏன் சேருகின்றன, சேர்ந்து எதைப் பெறுகின்றன, எந்த இடத்தில் ஏமாறுகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். பதவி ஆசை எல்லாக் கட்சியிலும் உண்டு. ஆனால் இந்த முடிவில் அது விளக்குவது கொஞ்சமே. என் கணிப்பு இது: இப்படிப்பட்ட கட்சிக்கு அதிகபட்ச பலம் இருப்பது பதவியேற்புக்கு முந்தின நாளில். அன்று எதை எழுதி, தேதி போட்டு வாங்கியதோ அது கிடைக்கும். மறுநாளிலிருந்து கை இறங்கிக்கொண்டே போகும்.

முதலில் வாசல்படியைப் பார்ப்போம், அதாவது உறுதிமொழியை. 1962 தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் 50 இடம் பெற்றது. அதே ஆண்டு சீனப் போர். 1963-இல் அரசியலமைப்பின் 16-ஆவது திருத்தம் வந்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வேட்பாளராக நிற்பவர்கூட "இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன்" என்று உறுதி எடுத்தாக வேண்டும் என்றாகிவிட்டது. தேர்தலில் நிற்பதா, கோரிக்கையா என்ற இரண்டில் ஒன்று. தி.மு.க. தேர்தலைத் தேர்ந்தது. பிரிவினை கேட்டதற்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்று அண்ணா சொல்லிவிட்டே கோரிக்கையை விட்டார். அந்தக் காரணங்கள்தான் பின்னால் 1969-இல் மத்திய-மாநில உறவை ஆராய்ந்த ராஜமன்னார் குழுவாகவும், 1974-இல் மாநில சுயாட்சித் தீர்மானமாகவும் உருமாறின.

இலங்கை இதே கதவை வேறு விதமாக மூடியது. 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் போட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி, 1977 தேர்தலில் 18 இடம் வென்று எதிர்க்கட்சி ஆயிற்று. 1983 கலவரம் முடிந்த கையோடு, ஆகஸ்டில், ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாதவர் உறுப்பினராக இருக்க முடியாது. கூட்டணியினர் மறுத்தார்கள், இடங்களை இழந்தார்கள். வாக்குப் பெட்டி வழியே வந்த மிதவாதிகளுக்கு நாடாளுமன்றத்தில் இருந்த இடத்தையும் பறித்தது எவ்வளவு பெரிய பிழை என்று அடுத்த கால் நூற்றாண்டு காட்டியது.

ஸ்பெயினிலும் பெல்ஜியத்திலும் அப்படிப்பட்ட பூட்டு இல்லை. வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுகிறது. லண்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் அதன் உறுப்பினர்கள் மன்னருக்கு விசுவாச உறுதி எடுக்க வேண்டும் என்பதால் அவைக்கே போவதில்லை. அதே கட்சி பெல்ஃபாஸ்ட் அவையில் அமைச்சர் பதவி ஏற்கிறது. அங்கே அந்த உறுதிமொழி கிடையாது. அமைச்சர் இடங்களும் பேரத்தில் முடிவாவதில்லை. கட்சிகளின் இட எண்ணிக்கையை வைத்து ஒரு வகுத்தல் கணக்குப் போட்டு வரிசையாகப் பிரிக்கிறார்கள். மேலாக, 1998 ஒப்பந்தத்திலேயே, வட அயர்லாந்து மக்களில் பெரும்பான்மையினர் வாக்களித்தால் அயர்லாந்தோடு சேரலாம் என்று எழுதியாகிவிட்டது. இலக்குக்கான வழி சட்டப் புத்தகத்தில் இருப்பதால், ஆட்சியில் சேர்வதால் கோரிக்கைக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

அப்படி வழி எழுதப்படாத இடத்தில் ஏன் சேர வேண்டும்?

பெல்ஜியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டச்சு பேசும் பிளெமிஷ் மக்களின் என்-வி-ஏ கட்சியின் விதிகளில், சுதந்திரமான பிளாண்டர்ஸ் குடியரசே இலக்கு என்று எழுதியிருக்கிறது. 2014 தேர்தலில் 150 இடங்களில் 33 வென்று அது முதல் கட்சி ஆனது. ஆனால் அங்கே நாட்டின் அமைப்பை மாற்றும் சிறப்புச் சட்டம் எதற்கும் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், டச்சு பேசும் உறுப்பினர்களிலும் பிரெஞ்சு பேசும் உறுப்பினர்களிலும் தனித்தனியே பெரும்பான்மையும் வேண்டும். 33-ஐ வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் முடியாது. ஆகவே கட்சி வேறு கணக்குப் போட்டது. மொழி, மாநில அதிகாரப் பிரச்சினைகளை ஐந்தாண்டு தொடுவதில்லை என்று ஒத்துக்கொண்டது. பிரதமர் பதவியை 20 இடமே வைத்திருந்த பிரெஞ்சு தாராளவாதக் கட்சிக்கு விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக நிதி, உள்துறை, பாதுகாப்பு, குடியேற்றம் ஆகிய பொறுப்புகளை வாங்கியது. பிரெஞ்சு பேசும் சோஷலிஸ்டுகள் 1988-லிருந்து விடாமல் ஆட்சியில் இருந்தார்கள். அவர்களை வெளியே வைப்பதுதான் அன்று பிளெமிஷ் வாக்காளருக்கு என்-வி-ஏ காட்டக்கூடிய மாற்றம். நிறுவன வரி ஏறத்தாழ 34 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 25 ஆனது. ஓய்வு வயது 2030-இல் 67 ஆகும்படி சட்டம் வந்தது. எனக்கு இந்தக் கொள்கைகளில் உடன்பாடு இல்லை. ஆனாலும் கேட்டதை வாங்கினார்கள் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதில் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கிறது. தனிநாடு கேட்கும் கட்சியைப் பற்றி நடுவில் நிற்கும் வாக்காளருக்கு இருக்கும் பெரிய சந்தேகம், "இவங்களுக்கு நாட்டை நடத்தத் தெரியுமா?" என்பது. கருவூலத்தையும் காவல் துறையையும் நான்கு ஆண்டு நடத்திக் காட்டினால் அதற்குப் பதில் கிடைக்கிறது. மேடையில் ஆயிரம் முறை பேசினாலும் கிடைக்காத பதில் அது.

விலையும் கொடுத்தார்கள். 2018 டிசம்பரில், ஐ.நா. குடியேற்ற உடன்பாட்டை எதிர்த்து என்-வி-ஏ அரசிலிருந்து வெளியேறியது. 2019 தேர்தலில் 33 இடம் 25 ஆனது. பக்கத்திலேயே நின்று "இவர்கள் விலை போய்விட்டார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த விளாம்ஸ் பெலாங் என்ற தீவிர வலதுசாரிப் பிரிவினைக் கட்சி 3 இடத்திலிருந்து 18-க்குத் தாவியது. இது அங்கே புதிதும் அல்ல. 1977-இல் வோல்க்ஸுனி என்ற பழைய பிளெமிஷ் கட்சி, மொழிப் பகுதிகளுக்கு அதிகாரம் பிரித்துத் தரும் எக்மாண்ட் ஒப்பந்தத்தை நம்பி அரசில் சேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்த அரசு கவிழ்ந்தது. தேர்தலில் கட்சி 20 இடத்திலிருந்து 14-க்கு இறங்கியது. கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் ஆரம்பித்த கட்சிதான் பின்னாளில் விளாம்ஸ் பெலாங்காக வளர்ந்தது. பிரிவினைக் கட்சி ஆட்சியில் உட்காரும்போது அதன் முதுகுக்குப் பின்னால் ஓர் இடம் காலியாகிறது. அதைப் பிடிக்க யாராவது எப்போதும் தயாராக இருப்பார்கள்.

ஸ்பெயினில் அமைச்சரவைக்குள்ளேயே போகாமல் வேலையை முடித்துக்கொண்டார்கள். நமக்கு நன்றாகப் பழகிய "வெளியிலிருந்து ஆதரவு"தான். 2023 தேர்தலில் கட்டலோனியாவின் ஹுன்ட்ஸ் கட்சிக்குக் கிடைத்தவை 7 இடம். 350 பேர் அவையில் பெரும்பான்மைக்கு 176 வேண்டும். பெத்ரோ சான்செஸுக்கு நவம்பர் 16 அன்று விழுந்தது 179 வாக்கு. அதில் 7-ஐக் கழித்தால் 172. அந்த 7 எதிர்ப்பக்கம் போயிருந்தால் பிரதமரே இல்லை. இந்த பலத்தை ஹுன்ட்ஸ் பயன்படுத்திய வரிசைதான் முக்கியம். ஆகஸ்டில் அவைத் தலைவர் தேர்தலுக்கு வாக்குக் கேட்டபோதே, அவையில் கட்டலான் பேசும் உரிமையைக் கேட்டார்கள். செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 2017 தனிநாட்டு வாக்கெடுப்பை ஒட்டிய வழக்குகளுக்குப் பொதுமன்னிப்பு கேட்டார்கள். அந்த மசோதா அவையில் பதிவானது நவம்பர் 13, பிரதமருக்கான வாக்கெடுப்பு நவம்பர் 16. மூன்று நாள் முன்னால் காகிதம் கைக்கு வந்த பிறகே வாக்கு. 2024 மே 30 அன்று சட்டம் நிறைவேறியது.

அதிலும் ஓட்டை விழுந்தது. நிதி முறைகேட்டுக் குற்றச்சாட்டுக்கு இந்த மன்னிப்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் ஜூலை 1 அன்று சொல்லிவிட்டதால், கட்சித் தலைவர் புய்ஜ்டமோன் ஊர் திரும்ப முடியவில்லை. நாடாளுமன்றம் தரக்கூடியதை மட்டும்தான் நாடாளுமன்றத்தில் பேரம் பேசி வாங்க முடியும். நீதிமன்றமோ பொதுவாக்கெடுப்போ குறுக்கே நின்றால் கூட்டாளி நல்லவராகவே இருந்தாலும் பயனில்லை. இத்தாலியின் வடக்கு லீகுக்கு நடந்தது அதுதான். 1996-இல் பதானியா என்று தனிநாடே அறிவித்த கட்சி, 2001-இல் பெர்லுஸ்கோனி அரசில் சேர்ந்தது, பாடுபட்டு அதிகாரப் பகிர்வுத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. 2006 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் அது தோற்றது.

இனி நமக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம்.

1965 மார்ச் 24 அன்று இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்கவும் தமிழரசுக் கட்சியின் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழரசுக் கட்சி அன்று கேட்டது சமஷ்டி, அதாவது கூட்டாட்சி; தனிநாடு இல்லை. ஆனால் சிங்களத் தெற்கில் அதையே பிரிவினை என்றுதான் பேசினார்கள். தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 இடம், தமிழரசுக்கு 14. நியமன உறுப்பினர்களையும் சேர்த்து 157 பேர் அவை அது. ஆட்சி அமைக்க 79 வேண்டும். அந்த வாரம் செல்வநாயகத்தின் கதவைத்தான் எல்லோரும் தட்டினார்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயம். வடக்கு, கிழக்கில் நிர்வாகமும் பதிவும் தமிழில். அங்கே நீதிமன்ற நடவடிக்கை தமிழில். மாவட்ட சபைகள். குடியேற்றத் திட்டங்களில் நிலம் முதலில் அந்தந்த மாவட்டத்து நிலமற்றவருக்கு, அடுத்து வடக்கு கிழக்கின் தமிழ் பேசும் மக்களுக்கு, பிறகே மற்றவருக்கு. செல்வநாயகம் பதவி ஏற்கவில்லை. தேர்தலில் வென்ற உறுப்பினர் யாரையும் அமைச்சராக்கவும் இல்லை. செனட்டரான மு. திருச்செல்வத்தை உள்ளாட்சி அமைச்சராக அனுப்பினார். மாவட்ட சபை சட்டத்தைத் தயாரிக்க வேண்டியது அந்த இலாகாதான் என்பதால் அது யோசித்துக் கேட்ட இலாகா. கட்சியை ஓரடி தள்ளி வைத்துக்கொண்டு சாவியை மட்டும் வாங்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

எங்கே பிசகியது? ஒப்பந்தத்தை வெளியிடவில்லை. வெளியே தெரியாத ஒப்பந்தத்தை மீறினால் மீறியவருக்கு வெட்கமில்லை, வதந்தியாகக் கசிந்தால் எதிர்ப்புக்கு எல்லையில்லை. எந்தச் சட்டம் எந்த மாதத்துக்குள் என்று தேதி இல்லை. நிலம் பற்றிய அம்சம் காகிதத்தில் இருந்தது, நிலத் துறையோ சி.பி. டி சில்வா கையில் இருந்தது. தமிழ் மொழி ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியில் நிறைவேறின. அன்றைய எதிர்ப்பு ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு பிக்கு இறந்தார். அதன் பிறகு அரசுக்கு அச்சம் வந்துவிட்டது. மாவட்ட சபைகளுக்கான வெள்ளை அறிக்கை 1968 ஜூனில்தான் வந்தது, மூன்று ஆண்டு கழித்து. ஆளுங்கட்சியின் பின்வரிசையே கிளம்பி எதிர்த்ததும் திட்டம் கைவிடப்பட்டது. திருக்கோணேஸ்வரம் கோயில் சுற்றுப்புறத்தைப் புனிதப் பகுதியாக அறிவிப்பது பற்றித் திருச்செல்வம் போட்ட குழுவைப் பிரதமர் நிறுத்தினார். அவர் பதவி விலகினார். 1968 செப்டம்பரில் கட்சியும் அரசை விட்டு வெளியே வந்தது. எட்டு ஆண்டு கழித்து, தமிழரசுக் கட்சியும் சேர்ந்த கூட்டணியின் வட்டுக்கோட்டைத் தீர்மானம். சமஷ்டி கேட்ட கட்சியைத் தனிநாட்டுப் பக்கம் தள்ளியதில் அந்த மூன்றரை ஆண்டு ஆட்சிப் பங்குக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். வெளியே நின்று ஏமாறுவதைவிட உள்ளே உட்கார்ந்து ஏமாறுவது ஒரு கட்சியை அதிகம் மாற்றிவிடுகிறது.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சட்டென்று விளக்கிவிடலாம். 1947-ஆம் ஆண்டின் பழைய தொழில் தகராறுச் சட்டப்படி, நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டியது. தொழிலாளர் துறை சமரச அலுவலர் முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தம் அந்த ஆலையில் இருந்த எல்லாத் தொழிலாளரையும், பின்னால் வேலைக்குச் சேரப் போகிறவரையும்கூடக் கட்டியது. டட்லி–செல்வா ஒப்பந்தம் 18(1) வகை. இரண்டு மனிதர்களின் நாணயம் மட்டுமே அதற்குப் பிணை.

12(3) மாதிரி எழுதி வாங்கியவர் லால்டெங்கா. அவருடைய மிசோ தேசிய முன்னணி 1966-இல் ஆயுதம் தூக்கி விடுதலை அறிவித்த இயக்கம். இருபது ஆண்டு கழித்து, 1986 ஜூன் 30 அன்று, மத்திய அரசோடு ஒப்பந்தம். அன்று காங்கிரஸ் முதல்வராக இருந்த லால் தன்ஹாவ்லா விலகித் துணை முதல்வராக, லால்டெங்கா ஆகஸ்ட் 21 அன்று கூட்டணி அரசின் முதல்வரானார். தலைமறைவிலிருந்து வந்தவர் நேராகக் கோட்டைக்குப் போனது பெரிய செய்தி ஆயிற்று. ஆனால் பதவியைவிடக் கனமான பொருள் வேறு இடத்தில் இருந்தது. அதே ஆகஸ்டில் 53-ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அரசியலமைப்பில் 371 ஜி என்ற பிரிவு நுழைந்தது. மிசோக்களின் சமய, சமூக வழக்கங்கள், மரபுச் சட்டம், நில உரிமை ஆகியவை தொடர்பான நாடாளுமன்றச் சட்டம் எதுவும், மிசோரம் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்காத வரை, அங்கே செல்லாது. 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் மாநிலம் ஆனது. இயக்கம் ஆயுதத்தையும் தனிநாட்டையும் கீழே வைத்தது. அதற்கு ஈடாக வந்தது அரசியலமைப்பிலேயே அச்சாகிவிட்டது. 1988-இல் கட்சித் தாவலால் லால்டெங்கா ஆட்சி கவிழ்ந்தது, அடுத்த தேர்தலில் காங்கிரஸ் வந்தது. 371 ஜி அங்கேயேதான் இருக்கிறது.

தெற்கு சூடான் இன்னும் ஒரு படி மேலே. 2005 ஜனவரியில் கையெழுத்தான அமைதி ஒப்பந்தப்படி மத்திய அமைச்சரவையில் ஆளுங்கட்சிக்கு 52 விழுக்காடு, தெற்கின் எஸ்.பி.எல்.எம். இயக்கத்துக்கு 28, மிச்சம் 20 மற்றவர்களுக்கு. தெற்கில் எடுக்கும் எண்ணெய் வருவாயில் 2 விழுக்காடு எண்ணெய் எடுக்கும் மாநிலத்துக்கு, மீதி ஆளுக்குப் பாதி. ஆறாண்டு இடைக்காலம், முடிவில் வாக்கெடுப்பு. பிரியவே விரும்பிய இயக்கம் கார்ட்டூம் அரசில் ஏன் உட்கார்ந்தது என்றால், வாக்கெடுப்புத் தேதி வரை ஒப்பந்தத்தைக் காவல் காக்க. 2007 அக்டோபரில் ஒப்பந்தத்தை நிறைவேற்றாமல் இழுத்தடிக்கிறார்கள் என்று அமைச்சர்களைத் திரும்ப அழைத்தார்கள், டிசம்பரில் திரும்பச் சேர்ந்தார்கள். 2009 டிசம்பரில் வாக்கெடுப்புச் சட்டம், 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு, 98.83 விழுக்காடு பிரிவினைக்கு. சொந்தப் படையைக் கலைக்காமல் வைத்திருந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. புதிய நாடு பின்னால் உள்நாட்டுப் போரில் விழுந்தது வேறு துயரம், தனியாக எழுத வேண்டியது.

இவற்றுக்கு நேர் எதிராக ஒரு வாக்கியம் இருக்கிறது. தெலங்கானா ராஷ்டிர சமிதி கேட்டது தனி மாநிலம். தனிநாடு அளவுக்குப் பெரிய கோரிக்கை இல்லை என்றாலும் பேரத்தின் விதி ஒன்றே. 2004-இல் காங்கிரஸோடு கூட்டணி வைத்து 5 மக்களவை இடமும் 26 சட்டமன்ற இடமும் வென்றது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தில் தெலங்கானா பற்றிய வரி இப்படி இருந்தது: தெலங்கானா மாநிலம் அமைக்கும் கோரிக்கையை, உரிய ஆலோசனைகளுக்கும் கருத்தொற்றுமைக்கும் பிறகு, உரிய நேரத்தில் அரசு பரிசீலிக்கும்.

ஒவ்வொரு சொல்லாகப் பாருங்கள். "பரிசீலிக்கும்" என்றால் அமைப்பதாகச் சொல்லவில்லை. "உரிய நேரம்" எது என்று முடிவு செய்வது அரசு. "ஆலோசனை" யாரோடு, எத்தனை நாள் என்று இல்லை. "கருத்தொற்றுமை" என்பதில் எதிர்க்கும் எவர் கையிலும் தடுப்பு அதிகாரம் போய்விட்டது. நான்கு பூட்டு, நான்கின் சாவியும் எதிர்த்தரப்பில். பிரணாப் முகர்ஜி தலைமையில் குழு அமைந்தது, கூடியது, காலம் போனது.

எண்ணிக்கையும் கட்சித் தலைவர் சந்திரசேகர் ராவுக்குச் சாதகமாக இல்லை. காங்கிரஸுக்கு 145, வெளியே இடதுசாரிகள் ஏறக்குறைய 60. ஐந்து பேர் எழுந்து போனால் ஆட்சி அசையாது. இலாகா பிரிப்பிலேயே அது தெரிந்தது. அவருக்கு முதலில் ஒதுக்கிய கப்பல் துறையை 16 உறுப்பினர் வைத்திருந்த தி.மு.க. கேட்டது. தி.மு.க. அமைச்சர்கள் பதவிப் பிரமாணம் எடுத்த பிறகும் அலுவலகத்துக்குப் போய்ப் பொறுப்பேற்காமல் சில நாள் நின்றார்கள். ராவ் விட்டுக்கொடுத்தார், கொஞ்ச காலம் இலாகா இல்லாத அமைச்சராக இருந்தார், பிறகு தொழிலாளர் துறை வந்தது. துறைமுகத்தை நம்பி வாழும் நம் பக்கத்துக்குக் கப்பல் துறை தமிழ்நாட்டுக் கட்சியிடம் வந்தது நல்ல செய்தியாக இருந்தது. தெலங்கானாவுக்கோ அது முன்னறிவிப்பு. 2005-இல் மாநில அரசிலிருந்தும், 2006 ஆகஸ்டில் மத்திய அரசிலிருந்தும் ராவ் கட்சி வெளியேறியது. கடைசியில் மாநிலத்தைக் கொண்டுவந்தது 2009 நவம்பர் உண்ணாவிரதமும், அதன் பின் உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர் முதல் அரசு ஊழியர் வரை நடத்திய போராட்டமும். 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. ஆனாலும் 2004-இன் அந்தச் சவசவ வரி ஒரு வேலை செய்தது என்று சொல்ல வேண்டும்: கோரிக்கை மத்திய அரசின் மேசைக்கு வந்துவிட்டது, அதன் பிறகு எந்தப் பெரிய கட்சியும் "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்று சொல்ல முடியவில்லை.

ஆகவே ஒரு பிரிவினைக் கட்சி ஆட்சியில் சேர்ந்த செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது எண்ணிக்கையை. அரசின் பலத்திலிருந்து இந்தக் கட்சியின் இடத்தைக் கழித்துப் பார்த்தால் பெரும்பான்மை உடைகிறதா? அடுத்து, ஒப்பந்தம் வெளியாகியிருக்கிறதா. வெளியாகியிருந்தால் வினைச்சொற்களைப் பார்க்க வேண்டும். "நிறைவேற்றும்", "திருத்தும்", "ஒதுக்கும்" என்பவை ஒரு வகை. "பரிசீலிக்கும்", "ஆராயும்", "குழு அமைக்கும்" என்பவை இன்னொரு வகை. பிறகு இலாகா. கேட்ட கோரிக்கையை நிறைவேற்றும் கோப்பு எந்த அமைச்சர் மேசையில் இருக்கிறது? மாவட்ட சபை ஒரு மேசையிலும் நிலம் வேறு மேசையிலும் இருந்தால் பாதிதான் கிடைக்கும். சாதாரணச் சட்டம் போதுமா, மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமா, வாக்கெடுப்பு வேண்டுமா என்பதும் இங்கேதான் தெரியும். கடைசியாக, கூட்டுப் பொறுப்பு. நம் அரசியலமைப்பின் 75(3) படி அமைச்சரவை மொத்தமும் மக்களவைக்குப் பொறுப்பு. உள்ளே உட்கார்ந்தால் பெட்ரோல் விலைக்கும், தடியடிக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதைத் தாங்க முடியாது என்று நினைக்கும் கட்சி வெளியிலிருந்து ஆதரவு என்ற வழியில் நிற்பது புத்திசாலித்தனம். 2008 டிசம்பரில் கனடாவில் கியூபெக் மாநிலப் பிரிவினைக் கட்சியான பிளாக் கெபெக்வா, எதிர்க்கட்சிகள் அமைக்கவிருந்த கூட்டணி அரசுக்கு, அமைச்சர் பதவி வேண்டாம், 18 மாதம் ஆதரவு மட்டும் தருகிறோம் என்று எழுதிக் கொடுத்ததும் அதனால்தான். அந்த அரசு அமையவே இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க இரண்டு அண்மை எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஒன்று பெல்ஜியம். 2025 பிப்ரவரி 3 அன்று என்-வி-ஏவின் பார்ட் டி வேவர் மன்னர் முன் உறுதி எடுத்து நாட்டின் பிரதமரே ஆகிவிட்டார். கட்சிக்கு 150-இல் 24 இடம். மூன்றில் இரண்டு பங்கு என்ற சுவர் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

மற்றொன்று திரிபுரா. பழங்குடி மக்களுக்குத் தனி மாநிலமாகப் பெரிய திப்ராலாந்து கேட்டு 2023-இல் 60-க்கு 13 இடம் வென்ற திப்ரா மோத்தா, 2024 மார்ச் 2 அன்று டெல்லியில் மத்திய, மாநில அரசுகளோடு முத்தரப்பு ஒப்பந்தம் போட்டு, மார்ச் 7 அன்று பா.ஜ.க. அரசில் இரண்டு அமைச்சர்களோடு சேர்ந்தது. நிலம், அரசியல் உரிமை, மொழி, பண்பாடு என்று எல்லாவற்றையும் ஒரு கூட்டுக் குழு பேசி, "காலவரம்புக்குள்" செயல்படுத்தும் என்கிறது ஒப்பந்தம். எத்தனை மாதம் என்று அந்த வரியில் இல்லை. எந்த வகைப் போராட்டமும் நடத்துவதில்லை என்ற இன்னொரு வரி இருக்கிறது. அதற்கு மட்டும் தேதி உண்டு: கையெழுத்திட்ட நாள் முதல்.